பாளையங்கோட்டையில் ப்ரோ ஃபுட்பால்: 7 ஹோம் மேட்சுக்கும் கேலரி நிறைய என்ன வழி?

வண்ணார்பேட்டை லெஃப்ட் விங்:

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். ஒரு திட்டக் குறிப்பு எழுதணும், அதுக்கு உங்க யோசனை வேணும். மாநில அளவில் ஒரு தொழில்முறை ஃபுட்பால் லீக், அதில் ஒரு அணிக்குப் பாளையங்கோட்டைதான் சொந்த ஊர்னு வச்சுக்கோங்க. 7 ஹோம் மேட்ச். சுத்தி 400 மீட்டர் ட்ராக் ஓடுற மைதானம். மேட்சுக்கு 4,000 பேர் இலக்கு. நட்சத்திர ஆட்டக்காரரைக் கொண்டாந்து இறக்குற அளவுக்குக் காசு கிடையாது.

இந்த ஊருக்கு ஃபுட்பால் தெரியாதுன்னு யாரும் சொல்ல முடியாது. சனிக்கிழமை ராத்திரி இங்கிலீஷ் லீக் பார்க்குறவன் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கான். கடற்கரை ஊர்கள்ல சாயங்காலம் ஆனா மணல்ல பந்து உருளுது. ஆனா டிக்கெட் எடுத்து உக்காந்து பார்க்க ஆளைச் சேர்க்குறதுதான் பாடு. இலவச பாஸ் அடிச்சு விடலாமா? எந்த மாசம், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வைக்கணும்? கொச்சியிலயும் சென்னையிலயும் செய்யுறதை அப்படியே இங்க செஞ்சா எடுபடுமா?

பாளை கார்னர் ஃபிளாக்:

தம்பி, ட்ராக் உள்ள மைதானம்னு சொல்லிட்டீங்க. அப்ப டேப்பைப் பிடிச்சுட்டுத்தான் மத்ததைப் பேசணும்.

400 மீட்டர் ட்ராக்கில் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர். உள்பகுதி நீளம் 157 மீட்டர் சொச்சம், அகலம் 73. அதுக்குள்ள 105க்கு 68 மீட்டர் ஆடுகளம் போட்டா கோலுக்குப் பின்னால 26 மீட்டர் சும்மா கிடக்கும். அதுக்கு அப்புறம் லேனுக்கு 1.22 மீட்டர் வீதம் 8 லேன், ஏறக்குறைய 10 மீட்டர். கோலுக்குப் பின்னால உக்காருறவன் 36 மீட்டர் தள்ளி உக்காருறான், எதிர்க் கோல் அவனுக்கு 140 மீட்டருக்கு அப்பால. அங்க யார் தலையால முட்டினான்னு தெரியுறதுக்குள்ள பந்து நடுவுக்கு வந்துரும். பக்கவாட்டுல உக்காருறவனுக்கு டச்லைன், அதாவது ஆடுகளத்தோட பக்கக் கோடு, 12 மீட்டர்தான். அதனால ரெண்டு வளைவையும் மூடிருங்க, டிக்கெட்டே விக்காதீங்க.

நேர்ப்பகுதி 84 மீட்டர்ல ஆளுக்கு அரை மீட்டர், நடக்க வழி விட்டது போக வரிசைக்கு 150 பேர். 14 வரிசை இருந்தா ஒரு பக்கத்துக்கு 2,100. ரெண்டு பக்கமும் சேர்த்து உங்க 4,000 வந்துருச்சு. அமெரிக்காவுல 1996ல எம்.எல்.எஸ். லீக் ஆரம்பிச்சப்ப அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுற ராட்சச ஸ்டேடியங்கள்ல ஆடினாங்க. பதினையாயிரம் பேர் வந்தாலும் மைதானம் காலியாத்தான் தெரிஞ்சது. 1999ல கொலம்பஸ்ல நம்ம ஃபுட்பாலுக்குன்னே சுமார் 20,000 பேர் அளவுக்குச் சின்னதா ஒண்ணு கட்டினதுக்கு அப்புறம்தான் மத்த ஊர்களும் அந்த வழிக்கு வந்துச்சு. காலி இருக்கையைப் பார்த்தவன் அடுத்த தடவை வரமாட்டான்.

முதல் ரெண்டு மேட்சுக்கு மேற்குக் கேலரியை மட்டும் திறங்க. சாயங்கால வெயில் முதுகுல விழும், கிழக்குப் பக்கம் உக்காந்தா கண்ணுல அடிக்கும். ஒளிபரப்பு கேமராவை வழக்கமா மேற்குலதான் ஏத்துவாங்க, அப்ப திரையில தெரியுறது காலிக் கிழக்கு. கேமராவைக் கிழக்குல வச்சா நிறைஞ்ச மேற்கு தெரியும். சூரியன் லென்ஸ்ல அடிக்கும்கிறதுதான் தொல்லை, முதல் பாதியில வெளிச்சத்தை அடக்கி எடுக்கச் சொல்லணும்.

வாசல் கணக்கும் பார்த்துருவோம். பிரிட்டிஷ் மைதானப் பாதுகாப்புக் கையேட்டுல ஒரு நுழைவாயிலுக்கு மணிக்கு 660 பேர்தான் மேல்வரம்பு. நம்ம ஊர்ல பையைத் தடவிப் பார்த்து, போன்ல க்யூஆர் கோடைத் தேடி எடுத்துக் காட்டுறதுக்குள்ள 400 தேறினா பெரிசு. 4,000 பேர்ல 2,400 பேராவது கடைசி அரை மணி நேரத்துலதான் வருவாங்க. அரை மணிக்கு 200 பேர்னா 12 வரிசை வேணும். நாலே வரிசை வச்சா பாதிப் பேர் முதல் கோலை ரோட்டுல நின்னு சத்தமாத்தான் கேப்பாங்க. வெளியேறுறதுக்குத் தரையில ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிஷத்துக்கு 82 பேர், 8 நிமிஷத்துல காலியாகணும்னா 6 மீட்டர் சொச்சம் வாசல் வேணும். 3 மீட்டர் கேட் மூணு வச்சுக்கோங்க, ஒண்ணு அடைச்சாலும் சமாளிக்கலாம்.

மேலப்பாளையம் பாக்ஸ்-டு-பாக்ஸ்:

தேதி, நேரத்துக்கு நான் சொல்லுதேன் வே.

அக்டோபர் பாதியிலேருந்து டிசம்பர் வரைக்கும் ஹோம் மேட்ச் கேக்கவே கேக்காதீரும். வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல 95 சென்டிமீட்டர் கொட்டிச்சே, அந்த மாசம். மார்ச், ஏப்ரல் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை, வீட்டுல ஒருத்தனுக்குப் பரீட்சைன்னா குடும்பமே வெளிய வராது. அது முடிய ஐ.பி.எல்., கூடவே கத்திரி வெயில். மிச்சத்துல தோதானது ஜனவரியும், ஜூன் ஜூலையும்தான். ஜனவரியில 3, ஜூன் ஜூலையில 4. பிப்ரவரியில வெளியூர் மேட்ச் போட்டுக்கோரும். ரம்ஜான் வருஷத்துக்கு 10, 11 நாள் முன்னால நகரும், 2026லேருந்து 2029 வரைக்கும் அது பிப்ரவரியைத் தொடும். நோன்பு திறக்குற நேரத்துல மேட்ச் வச்சுட்டு எங்க ஊர்க்காரன் வரலன்னு சொன்னா எப்படி?

கிழமைக்கு ஞாயிறுதான். சனிக்கிழமை இங்கிலாந்துல பகல் 3 மணி மேட்ச் நமக்குக் குளிர்காலத்துல ராத்திரி 8.30, பகல் 12.30 மேட்ச் சாயங்காலம் 6 மணி. சனிக்கிழமை சாயங்காலம் முழுக்க அவனுக்குப் போயிருச்சு. ஞாயிறு அவங்க பகல் 2 மணி மேட்ச் நமக்கு 7.30. நீரு 5 மணிக்கு ஆரம்பிச்சா 45, 15, 45, கூடுதல் நிமிஷம் எல்லாம் சேர்த்து 6.55க்கு முடியும். டீயைக் குடிச்சுட்டு வீட்டுக்குப் போய் அதையும் பார்ப்பான். ரெண்டையும் மோத விட்டா நீருதான் தோப்பீரு. ஜூன், ஜூலையில அந்த லீக்கே லீவு, அப்ப 6 மணிக்கு வச்சுக்கலாம். விளக்குதான் செலவு. டி.வி. இல்லாத லீக் மேட்சுக்கு ஃபிஃபா வழிகாட்டி 500 லக்ஸ் வெளிச்சம் கேக்குது. பயிற்சி அளவு 200 லக்ஸ்ல கோல்கீப்பருக்கு மூலையிலேருந்து வர்ற பந்து தெரியாது, கேலரிக்காரனுக்கு ஜெர்சி நம்பரும் தெரியாது.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்னிக்கு டவுன்லேருந்து ஒருத்தன் வரமாட்டான், ரோடும் அடைச்சிருக்கும். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ் போயிரும், உமக்கு பஸ் மிஞ்சாது. பஞ்சாங்கத்தைப் பார்க்காம ஃபிக்ஸ்சர் போடாதீரும்.

ஜங்ஷன் த்ரோ-இன்:

இலவச பாஸ் வேண்டாம் என்பது என் கருத்து. சும்மா கிடைத்த பாஸை மேசை இழுப்பறையில் போடுவது எளிது, 60 ரூபாய் கொடுத்து வாங்கியதை அப்படிப் போட மனசு வராது. மழை வந்தால், மாமியார் வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் முதலில் கைவிடப்படுவது பாஸ்தான். காசு கொடுத்தவன் பக்கத்தில் பாஸ்காரன் உட்கார்ந்தால், அடுத்த மேட்சுக்குக் காசு கொடுத்தவனும் பாஸ் தேடத் தொடங்குவான்.

விலை 60, 120 என்று இரண்டே படி போதும். 7 மேட்சுக்கு 420 வரும், சீசன் டிக்கெட் 300. விளையாட்டு டிக்கெட் 500 ரூபாய்க்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. உள்ளாட்சிக் கேளிக்கை வரி உண்டா என்பதை மட்டும் மாநகராட்சியில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சீசன் டிக்கெட்டுக்கு வரிசை எண், இருக்கை எண் கட்டாயம். பக்கத்து இருக்கைக்காரன் யாரென்று தெரிந்துவிட்டால் ஆள் ஆட்டத்துக்காக மட்டும் வருவதில்லை.

விற்பனை இணையத்தில் மட்டும் இருந்தால் பாதிக் கூட்டம் போச்சு. ஸ்போர்ட்ஸ் கடை, டீக்கடை, செல்போன் ரீசார்ஜ் கடை என்று 15 இடத்தில் அச்சிட்ட டிக்கெட் புத்தகம் இருக்கட்டும். கடைக்காரருக்கு டிக்கெட்டுக்கு 5 ரூபாய். ஒவ்வொரு புத்தகத்துக்கும் வரிசை எண் வைத்து, சனிக்கிழமை இரவே விற்காத டிக்கெட்டைத் திரும்ப எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரே இருக்கைக்கு இரண்டு பேர் நிற்பார்கள்.

குறுக்குத்துறை ஸ்டாப்பர்:

த்ரோ-இன் அண்ணாச்சி சொல்வது பாதி சரி. இலவசத்தால் உருப்பட்ட அணியும் இருக்கிறது.

ஜப்பானில் ஜே லீக் 1993ல் 10 அணிகளோடு தொடங்கியது. 1994ல் மேட்சுக்குச் சராசரி 19,598 பேர். புதுமை வடிந்ததும் 1997ல் 10,131. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் அப்படித்தான் கலையும், நம் நாட்டு லீக்குகளும் அதைப் பார்த்திருக்கின்றன. நீகாட்டா என்ற ஊரின் அல்பிரெக்ஸ் அணி இரண்டாம் டிவிஷனில் இருந்தது. 2002 உலகக் கோப்பைக்காக 40,000 பேருக்கு மேல் கொள்ளும் ஸ்டேடியம் 2001ல் அங்கே திறக்கப்பட்டது. அணி இலவச டிக்கெட்டைத் தெருமுனையில் வீசவில்லை. குடியிருப்போர் சங்கங்கள் வழியாக, பேட்டை பேட்டையாக, குறிப்பிட்ட மேட்சுக்கு என்று கொடுத்தது. 2003ல் இரண்டாம் டிவிஷனிலேயே சராசரி 30,000ஐத் தாண்டியது.

இங்கே அதைச் செய்வதென்றால் மேட்சுக்கு ஒரு பகுதி: முதல் மேட்ச் பெருமாள்புரம், அடுத்தது மேலப்பாளையம், பிறகு பேட்டை, தச்சநல்லூர் என்று. மொத்த இருக்கையில் ஐந்தில் ஒன்றுக்கு மேல், அதாவது 800க்கு மேல், போகக் கூடாது. வாங்குபவரின் பெயரும் செல்போன் எண்ணும் டிக்கெட்டிலேயே ஏற வேண்டும். பிள்ளைக்கு இலவசம், கூட வரும் பெரியவருக்கு 60 ரூபாய். பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதானால் தலைமை ஆசிரியருக்குக் கடிதம் போட்டுவிட்டு பி.டி. சாரைப் பிடியுங்கள். எந்தப் பையன் ஆடுவான், எந்தப் பையனின் அப்பா கூட வருவார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

எத்தனை அச்சடித்தோம் என்பதைக் கணக்கில் எழுதவே கூடாது. வாசலில் ஸ்கேன் ஆனது எத்தனை, அதில் போன மேட்சுக்கும் வந்த எண்கள் எத்தனை, இந்த இரண்டு மட்டும்தான் எண். 2,500 பேரில் 1,000 பேர் திரும்ப வந்தவர்கள் என்றால் அணிக்கு வேர் பிடித்துவிட்டது. 4,000 பேர் வந்து, திரும்ப வந்தவர்கள் 300 என்றால் அது பொருட்காட்சிக் கூட்டம்.

மகாராஜநகர் நம்பர் 8:

இவ்வளவு பேசிட்டீங்க, பாதி ஊரை விட்டுட்டீங்க. பெண்கள் வர்றதுக்கு டவுன் பஸ்ல செலவே இல்ல, 2021லேருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல கட்டணம் கிடையாது. அதைப் போஸ்டர்ல எத்தனாம் நம்பர் பஸ், எந்த ஸ்டாப்னு போட்டு எழுதுங்க. ஜெர்மனியில பல கிளப்போட மேட்ச் டிக்கெட்டே அன்னிக்கு பஸ், ட்ராம் டிக்கெட்டாவும் செல்லும். நமக்கு அதுல பாதியை அரசாங்கமே கொடுத்திருக்கு, யாரும் பயன்படுத்தல.

அடுத்தது கழிப்பறை. இதுல கணக்குப் போடாம விட்டா பெண்கள் ஒரு மேட்சோட சரி. 1,000 பெண்கள் வந்தா இடைவேளை 15 நிமிஷத்துல 150 பேராவது எழுந்திருப்பாங்க. ஆளுக்கு 2 நிமிஷம், ஒரு அறைக்கு 7 பேர், ஆக 20 அறைக்கு மேல வேணும். மைதானத்துல எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாருங்க, மிச்சத்துக்கு மொபைல் டாய்லெட் வாடகைக்கு எடுங்க. தண்ணி தீர்ந்துதான் நாறும், அதனால தனி டேங்கர், ரெண்டு துப்புரவுப் பணியாளர், உள்ள கொக்கியும் விளக்கும் வேலை செய்யுதான்னு மதியமே பார்க்க ஒரு ஆள். கேலரியிலேருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் வெளிச்சம் இருக்கணும். நடுவுல 50 மீட்டர் இருட்டு இருந்தாலும் போதும், அடுத்த ஞாயிறு அம்மா விடமாட்டாங்க.

மதுரை சேது எஃப்.சி. 2018-19ல இந்தியப் பெண்கள் லீக்கையே ஜெயிச்ச அணி. தென்மாவட்டத்துல பெண்கள் ஆட்டத்துக்கு ஆள் இல்லாம இல்ல. 5 மணி மேட்சுக்கு முன்னால 3 மணிக்குப் பெண்கள் கல்லூரி அணிகளோட மேட்ச் ஒண்ணு வையுங்க, ரெண்டு பாதியும் 35 நிமிஷம். ஆடுறவங்க 22 பேரோட வீட்டுக்காரங்களும் தோழிங்களும் அப்படியே உக்காந்துருவாங்க, அந்த வாசல் நெரிசலும் ரெண்டாப் பிரியும்.

தீனி விஷயத்துல மெனுவைச் சுருக்கணும். இடைவேளையில 1,000 பேர் வாங்கினா, ஒரு ஆள் நிமிஷத்துக்கு 4 பேருக்குக் கொடுத்தாலும் 12 நிமிஷத்துல 48 பேர்தான். 21 கை வேணும். எல்லாம் 20 ரூபா, சில்லறை கொடுக்குற வேலையே இருக்கக் கூடாது: சுண்டல் பொட்டலம், சுக்குக் காப்பி, வாழையிலைத் துண்டுல 50 கிராம் சூடான அல்வா. அந்தந்த இடத்துலயே பொரிச்சுக் கொடுக்குற பஜ்ஜிக் கடையை மட்டும் உள்ள விடாதீங்க, ஒரு வரிசை முழுக்க ரெண்டாம் பாதியைக் கோட்டை விட்டுட்டு எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துட்டு நிக்கும். (அல்வா சாப்பிட்ட கை பிசுபிசுக்கும், பக்கத்துலயே கை கழுவத் தண்ணி.)

உவரி கோல்கிக்:

ஞாயித்துக்கிழமைன்னு சொன்னது கடற்கரைக்கும் தோது. அன்னைக்குக் கடலுக்குப் போகமாட்டாங்க, காலையில பூசை முடிஞ்சா ஊரே சும்மாதான் இருக்கும். ஆனா பாளைக்கு வரப் போக நாலு மணி நேரம். தனித்தனியா வரச் சொன்னா வரமாட்டான், ஊரா வரச் சொன்னா வருவான். ஊர்க் கமிட்டி, பங்குச் சாமியார், அந்தந்த ஊர் ஃபுட்பால் கிளப், மூணு பேர்கிட்டயும் சொல்லணும், ஒருத்தரை விட்டாலும் மத்தவர் முகம் கோணும். உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, கூட்டப்புளி, ஊருக்கு ஒரு பஸ், 50 பேர். டிக்கெட்டும் பஸ்ஸும் சேர்த்து ஒரே விலை. ரெண்டு மணிக்குக் கிளம்பினாத்தான் 5 மணிக்குப் பதறாம உக்காரலாம். நாலு பஸ் வந்தா 200 தொண்டை. மத்த 2,000 பேரையும் எழுப்பி விட அது போதும்.

கொச்சியில கேரளா பிளாஸ்டர்ஸ் அணியோட ரசிகர் கூட்டமான மஞ்சப்படை கத்துறதைப் பார்த்து அதே பாட்டை இங்க கொண்டாந்தா ஒட்டாது. நம்மகிட்ட மகுடம் இருக்கு, உறுமி இருக்கு, நையாண்டி மேளம் இருக்கு. வலை இழுக்கும்போது போடுற ஏலேலோ எல்லாருக்கும் தெரியும், ஒருத்தர் எடுத்துக் கொடுக்க மத்தவங்க வாங்கிச் சொல்லுற பாட்டு அது, கேலரிக்குன்னே செஞ்ச மாதிரி. ஆட்டக்காரன் பேரை அதுல ஏத்துனா முடிஞ்சுது. மேளக்காரங்க 8 பேர் போதும், கேலரியோட கீழ் வரிசை நடுவுல. மேல் வரிசையில வச்சா சத்தம் பின்னாடியே போயிரும். டி.ஜே. பெட்டி வேண்டவே வேண்டாம், அது அடிச்சா மனுசன் வாயை மூடிக்கிருவான்.

பாளை கார்னர் ஃபிளாக்:

ஒண்ணு விட்டுப்போச்சு. ஜூன் ஜூலைன்னு சொன்னதும் கிழக்குப் பக்கம் வரிசை பத்தலன்னு தற்காலிகக் கேலரி போடலாம்னு யாராவது கிளம்புவாங்க. மலப்புறத்துல அணிக்கு ஏழு பேர் ஆடுற செவன்ஸ் ஆட்டத்துக்கு அப்படித்தான் போடுவாங்க. 2022 மார்ச்சில் அங்க பூங்கோட்டுல கேலரி சரிஞ்சு 200 பேர்வாக்குல காயம். நம்ம ஊர்ல கூடுதலா ஆனி, ஆடிக் காத்து இருக்கு, மேற்கேயிருந்து ஒரே வீச்சா வரும். சவுக்குக் கம்புல கட்டின கேலரிக்குப் பின்னால விளம்பரத்துக்கு ஃபிளெக்ஸ் அடிச்சா அது பாய்மரம். காத்து தள்ளுறது ஃபிளெக்ஸை, சரியுறது கேலரி. போட்டே ஆகணும்னா கயிற்றுக்கட்டு இல்லாம இரும்புக் குழாயும் கிளாம்ப்பும், குறுக்குச் சட்டம் ரெண்டு திசையிலயும், பின்பக்கம் திறந்தபடி. சிந்தெடிக் ட்ராக் மேல கால் ஊன்றுற இடத்துல ப்ளைவுட் பலகை, இல்லன்னா ட்ராக் பள்ளமாயிரும். பொதுப்பணித்துறை உறுதிச் சான்று, தீயணைப்புத் துறை, போலீஸ் அனுமதி மூணும் கைக்கு வராம ஒரு டிக்கெட்டும் விக்காதீங்க. வரிசைக்கு இத்தனை பேர்னு எண்ணி ஏத்த ஒரு ஆள் நிக்கணும். கோல் விழுந்ததும் மொத்தமாக் குதிப்பான், அந்த எடைக்குத்தான் கணக்குப் போடணும்.

வண்ணார்பேட்டை லெஃப்ட் விங்:

எல்லாருக்கும் நன்றி. எம்.எல்.எஸ். கணக்கையும் அக்காவோட கழிப்பறைக் கணக்கையும் அப்படியே குறிப்புல சேர்த்துட்டேன். ரெண்டு சந்தேகம். ஜூன்ல 6 மணி மேட்ச்னா மேளத்துக்கும் மைக்குக்கும் போலீஸ் தடை சொல்லுமா? மழையில மேட்ச் நின்னா டிக்கெட் காசு?

ஜங்ஷன் த்ரோ-இன்:

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி ஒலிபெருக்கிக்குத் தடை இரவு 10 முதல் காலை 6 வரை. உங்கள் ஆட்டம் 8 மணிக்கு முன்பே முடிந்துவிடும். ஆனாலும் ஒலிபெருக்கிக்கு எழுத்து அனுமதி தனியாக வாங்க வேண்டும். பெட்டியின் வாயை ஆஸ்பத்திரி, விடுதி இருக்கும் பக்கம் திருப்பாமல் கட்டுங்கள்.

மழைக்கு, டிக்கெட்டின் பின்பக்கத்தில் மூன்று வரி அச்சிடுங்கள்: தொடங்கும் முன் ரத்தானால் முழுக் காசு அல்லது அடுத்த ஹோம் மேட்ச், முதல் பாதியில் நின்றால் இதே டிக்கெட் மறு ஆட்டத்துக்குச் செல்லும், இரண்டாம் பாதியில் நின்றால் காசு இல்லை. முடிவை எத்தனை மணிக்குச் சொல்வீர்கள் என்பதும் அதிலேயே இருக்கட்டும். 5 மணி மேட்சுக்கு மதியம் 1.30. அதற்குப் பிறகு சொன்னால் கூட்டப்புளி பஸ் கிளம்பியிருக்கும்.